மாமியாருக்கு விட்டுக்கொடுத்த முறை

என் புருஷன் நிபால்டோ காஸ் சிலிண்டர் சுமக்கிறவன். சுமந்தவன் என்று சொல்ல வேண்டும், என் வாய்க்கு இன்னும் பழகவில்லை. சிலி நாட்டுத் துறைமுகமான வால்பராய்சோவில் எங்கள் குன்றுக்கு வண்டி ஏறாது. லாரி கீழே தெருமுனையில் நின்றுவிடும், அங்கிருந்து மேலே எல்லாம் படிதான். ஒழுங்கான படி என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்று முழங்கால் உயரம் இருக்கும், அடுத்தது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. மழைக்காலத்தில் பாசி, எல்லாக் காலத்திலும் நடுவில் படுத்துக் கிடக்கிற நாய். அந்தப் படியில் தோளில் சிலிண்டரோடு ஏறி, கையில் இருக்கிற ஸ்பானரால் அதன் வயிற்றில் டங் டங் டடங் என்று தட்டிக்கொண்டே வருவான். ஒவ்வொரு காஸ்காரனுக்கும் ஒரு தட்டு உண்டு. இவன் தட்டு கேட்டால் குன்றில் இருக்கிற பெண்கள் எல்லாம் ஜன்னலைத் திறப்பார்கள், காஸ் வேண்டாதவளும் திறப்பாள்.

ஏனென்றால் இவன் ஒவ்வொரு படித் திருப்பத்திலும் நிற்பான். சிலிண்டரை இறக்கி வைத்து, சிகரெட் ஒன்று பற்றவைத்து, பேச்சை ஆரம்பித்துவிடுவான்.

"என்னக்கா, அடுப்புல பீன்ஸா? வாசம் கீழ லாரி வரைக்கும் வருது. மனுஷன் வேலை செய்யறதா வேண்டாமா?"

"வா, ஒரு தட்டு சாப்பிட்டுப் போ."

"சாப்பிட்டா உங்க வீட்டுக்காரர் என்னைச் சும்மா விடுவாரா? அவரைப் பார்த்து நீங்க சிரிச்சு எத்தனை வருஷம் ஆச்சு?"

இப்படி ஒரு திருப்பத்துக்கு ஒரு சிகரெட், ஒரு கிண்டல். எவ்வளவு நல்ல மனுஷன், எல்லோரையும் விசாரிக்கிறான் என்று குன்றே சொன்னது. நானும் அப்படித்தான் நம்பினேன். கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வாய் திறக்காதவன் படியில் மட்டும் எப்படி இப்படிப் பொழிகிறான்?

விஷயத்தை முதலில் கண்டுபிடித்தது என் அம்மா உபெர்லிண்டாதான். அப்பா போன பிறகு அவள் எங்களோடுதான் இருந்தாள். ஒருநாள் ஜன்னல் நாற்காலியில் உட்கார்ந்து அவன் ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"உன் புருஷன் பேசறதுக்காக நிக்கலடி. நிக்கறதுக்காகப் பேசறான்."

"என்னம்மா உளர்றே?"

"கெண்டைக்கால் பிடிக்குது அவனுக்கு. நடந்தா பிடிக்கும், நின்னா விட்டுடும். எனக்கும் அதேதான். நான் கடைத்தெருவுல கல்யாண கவுன் கடை முன்னால நின்னு பார்ப்பேன், உனக்கு ஞாபகம் இருக்கா? எண்பத்து மூணு வயசுல எனக்கு எதுக்குடி கல்யாண கவுன்?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே வலி, இரண்டு பேரும் மறைத்திருக்கிறார்கள். நான் சமைத்துப் போட்டுக்கொண்டு நடுவில் முட்டாளாக இருந்திருக்கிறேன்.

அவர்கள் இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷச் சண்டை. எங்கள் வீட்டில் இருக்கிறது ஒரே நல்ல ஜன்னல், துறைமுகம் முழுக்கத் தெரியும். அதன் முன்னால் ஒரே நாற்காலி. வேலை முடிந்து வந்து அதில் உட்கார்ந்து கப்பல் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஆனால் அம்மா வருகிற சத்தம் கேட்டால் எழுந்துவிடுவான்.

"மகாராணி எழுந்தருளணும்" என்பான்.

"மாப்ளே, நாற்காலி எல்லாம் காஸ் நாத்தம்" என்பாள் அம்மா, உட்கார்ந்துகொண்டே.

எழுந்திருப்பது அவனுக்குப் பிறவிக் குணம். பஸ்ஸில் ஒரு நரைத்த தலை ஏறினால் எங்கள் ஊரில் யாரும் எழுந்திருப்பார்கள்தான், எழுந்திருக்காவிட்டால் பஸ்ஸே முறைக்கும். இவன் இன்னும் ஒரு படி மேலே. நரைக்க ஆரம்பித்த தலைக்கே எழுந்துவிடுவான். ஒருமுறை ஊருக்கு வெளியே சந்தைக்குப் போய்த் திரும்பும்போது, மூட்டையோடு வழி முழுக்க நின்றே வந்தான். இவன் இடத்தில் உட்கார்ந்த கிழவர் பாதி வழியில் இறங்கிவிட்டார், சரி இப்போதாவது உட்காருவான் என்று பார்த்தால் ஒரு கிழவி ஏறிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் அவமானமாக இருந்தது, நரைத்திருக்கிறதா என்று என் தலையை வேறு எல்லோரும் பார்த்தார்கள்.

அம்மா விஷயத்தைக் கண்டுபிடித்த அந்த வருஷம்தான், தண்டவாளத்தில் கம்பி இழுத்து ஆட்களை எங்கள் குன்றுக்கு ஏற்றி இறக்குகிற வின்ச் வண்டியை நிறுத்தினார்கள். கம்பி தேய்ந்துவிட்டது, சீக்கிரம் சரி செய்வோம் என்று போர்டு மாட்டினார்கள். போர்டு துருப்பிடித்தது, வண்டி வரவில்லை. அதோடு அம்மா மேலேயே மாட்டிக்கொண்டாள். படி இறங்க அவளால் முடியாது. சர்ச், சந்தை, அப்பாவின் கல்லறை எல்லாமே கீழே இருந்தன. ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்க்கலாம், ஒன்றையும் தொட முடியாது. கூண்டில் போட்ட கிளிகூட இப்படிக் கத்தியிருக்காது, அவ்வளவு வாய் பேசினாள். எல்லாம் நிபால்டோவின் மேல்தான் விழுந்தது.

குளிர் வந்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் சூடேற்றுகிற சாதனம் எதுவும் கிடையாது, ஆளுக்கொரு ரப்பர் வெந்நீர்ப் பை, அதைக் காலடியில் வைத்துக்கொண்டு படுப்போம். நிபால்டோவின் இடது பாதம் ஐஸ் கட்டியாக இருந்தது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, பையை அப்படியே பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு தூங்குவான். உறைக்கவே இல்லை அவனுக்கு. பாதம் மரத்துப்போயிருந்தது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒருநாள் குதிகாலில் முட்டை அளவு கொப்புளம். உடைந்தது. ஆறவில்லை. பூட்ஸுக்குள் பஞ்சை வைத்துக்கொண்டு சிலிண்டர் தூக்கினான், கேட்டால், "சின்ன வயசு, தானா ஆறும்" என்பான். நாற்பத்தேழு வயது ஆளுக்குச் சின்ன வயசாம்! அம்மாவுக்கும் அதே குளிர்காலத்தில் கட்டைவிரல் கறுக்க ஆரம்பித்தது. அவளை அக்கம்பக்கத்து ஆட்கள் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள், இவன் நடந்து இறங்கினான். இரண்டு பேரையும் ஒரே நாளில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா பெயர் இத்துரியாகா. கூர்மையான பெண், சுற்றி வளைக்கவே மாட்டாள். முதலில் அம்மாவைப் பார்த்தாள். காலுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, தொடை வழியாகக் கம்பி விட்டு உள்ளே பலூனை ஊதித் திறக்கலாம் என்றாள். நான் வெளியே வந்து அவளைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"எண்பத்து மூணு வயசுங்க. இந்த வயசுல இதெல்லாம் தேவையா? தாங்குவாங்களா?"

"எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. வயசானா பயப்பட வேண்டியது உயிருக்குத்தான். இதயம், கிட்னி தாங்குமான்னு பார்க்கணும். உங்கம்மாவுக்கு ரெண்டும் பரவாயில்ல. காலைப் பொறுத்தவரைக்கும், வழியைத் திறந்துவிட்டா கிழவிங்க காலும் நல்லாவே பிழைச்சுக்கும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடவுளே, என் அம்மா நடப்பாள்! அந்தச் சந்தோஷத்தில் நிபால்டோவைப் பற்றி எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அவன் தனியாக உள்ளே போனான், வெகுநேரம் கழித்து வெளியே வந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"அதேதான். எனக்கும் பலூனாம். பிறந்தநாள் கொண்டாட்டம் மாதிரி வீடு பூரா பலூன்."

சிரித்தோம். ரெண்டு பேருக்கும் ஒரே நாளில் தேதி கொடுத்தார்கள்.

அன்றைக்குக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நடைபாதையில் வரிசையாக ஆட்கள். கம்பி விடுகிற அந்தப் பெரிய மெஷின் ஒன்றுதான், அதுவும் பழசு, நின்று நின்று ஓடும் என்று காவலுக்கு நிற்கிறவன் வரைக்கும் தெரியும். நர்ஸ் வந்து நிபால்டோவின் பெயரைக் கூப்பிட்டாள். அவன் எழுந்தான். எழுந்து நின்று, அம்மாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக் கதவு முன்னால் கொண்டுபோய் வைத்தான்.

"முதல்ல இவங்க போகட்டும்."

"லிஸ்ட்ல நீங்கதான் முதல்ல" என்றாள் நர்ஸ்.

"நான் எப்படிங்க ஒரு வயசான அம்மாவை உக்கார வெச்சுட்டு உள்ள போறது? நான் சின்னவன், காத்திருப்பேன்."

டாக்டரம்மா வெளியே வந்தாள். இரண்டு பேரும் ஓரமாகப் போய்த் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள், இவன் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தான். எனக்குக் கேட்கவில்லை. நடைபாதையில் இருந்தவர்கள்தான் முதலில் கைதட்டினார்கள். "மாமியாருக்கு! மாமியாருக்குங்க!" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அத்தனை பேர் முன்னால் அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்தேன். அம்மாவை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இல்லை, அதை அப்போது நான் திமிர் என்று நினைத்தேன்.

அம்மாவுக்கு எல்லாம் நன்றாக நடந்தது. அடுத்த ஆளாக நிபால்டோவைப் படுக்கவைத்து, துணி போர்த்தி, மருந்து போட ஊசியை எடுத்தபோது மெஷின் நின்றுவிட்டது. உள்ளே என்னமோ எரிந்துபோயிற்றாம். சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். தலைநகர் சாந்தியாகோவுக்கு அனுப்புங்கள் என்று டாக்டரம்மா எங்கெங்கோ போன் போட்டாள், எல்லா இடத்திலும் வரிசை.

அம்மாவின் பாதம் சிவந்தது. சூடு வந்தது. விரல் பிழைத்தது. வசந்தம் வந்தபோது எங்கள் வீட்டு வாசல் வரை நடந்தாள், பிறகு முதல் படித் திருப்பம் வரை. குன்றே வேடிக்கை பார்த்தது. நிபால்டோவைத் தெய்வமாக்கிவிட்டார்கள். பேக்கரிக்காரன் ரொட்டி அனுப்பினான், பாதிரியார் பூசையில் அவனைப் பற்றிப் பேசினார். அவனோ கட்டிலில் கிடந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். குதிகால் புண்ணிலிருந்து கறுப்பு மேலே ஏறியது. படுத்தால் வலி அதிகம் என்று காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தே தூங்கினான். அத்தனை வலியிலும் யாராவது பார்க்க வந்தால், "சின்ன உடம்பு, தேறிக்கும்" என்பான். வேறு என்ன சொல்ல முடியும் அவனால்? தெய்வமாக்கிய பிறகு ஐயோ என்று கத்த முடியுமா?

மெஷின் சரியான அன்றைக்கே கூப்பிட்டார்கள். கம்பி போகவில்லை. வெட்டிக் குழாய் மாற்றிப் பார்த்தார்கள், அதுவும் இரண்டே நாளில் அடைத்துக்கொண்டது. கடைசியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு நான் டாக்டரம்மாவைக் கண்டபடி பேசினேன். என்னென்ன வந்ததோ எல்லாம். "எண்பத்து மூணு வயசு கிழவி காலைக் காப்பாத்தத் தெரிஞ்சுதே, ஒரு வாட்டசாட்டமான ஆம்பளை காலைக் காப்பாத்தத் தெரியலையா? என்ன படிச்சீங்க நீங்க?" அவள் நான் முடிக்கும் வரை நின்றாள்.

"உங்க கணவர் உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

"என்ன சொல்லலை?"

"முதல் நாளே சொன்னேன். உங்கம்மாவுக்கு இது நாப்பது வருஷமா மெதுவா அடைச்ச நோய். உடம்பே அடைப்பைச் சுத்திச் சின்னச் சின்ன ரத்த வழி போட்டுக்கிச்சு. கொஞ்ச நாள் காத்திருந்தாலும் பெரிசா ஒண்ணும் ஆகியிருக்காது. அம்பது வயசுக்குள்ளாறயே இது இந்த அளவுக்கு முத்துதுன்னா, அது வெறி பிடிச்ச நோய், சிகரெட் அதை இன்னும் தூண்டிவிடும். திறந்தா மறுபடி அடைக்கும். சின்ன வயசுக்காரங்கதான் காலை அதிகம் இழக்கறாங்க. அதனாலதான் அவரை முதல்ல போட்டேன். அன்னிக்குக் கதவு முன்னாலயும் அதைத்தான் சொன்னேன். கேக்கலை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டார்."

நேராக வார்டுக்குப் போனேன். அவன் போர்வைக்குள் படுத்திருந்தான், ஒரு பக்கம் போர்வை தட்டையாக இருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

புரிந்துகொண்டான். மேலே பார்த்தான். "தெரியும்."

"தெரிஞ்சேதானா? ஏண்டா பாவி, ஏன்?"

"அந்தம்மா சொன்னதை நான் நம்பலை யாஸ்னா. எப்படி நம்பறது? கிழவி கால் காத்திருக்குமாம், என் கால் காத்திருக்காதாம். உலகத்துல எங்கயாவது அப்படி உண்டா? அதுவுமில்லாம..." நிறுத்தினான். "அத்தனை பேர் பார்த்துக்கிட்டிருந்தாங்க. ஒரு கிழவி உக்காந்திருக்கா, நான் முன்னால போறேன். என்னால முடியலை. அவ்வளவுதான்."

அறைய வேண்டும் போல இருந்தது. அவன் தலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

காஸ்கார சிநேகிதர்கள் நான்கு பேர் நாற்காலியில் வைத்து அவனை மேலே தூக்கி வந்தார்கள். வழியெல்லாம் ஜன்னல்கள் திறந்தன, கைதட்டினார்கள். எனக்கு ஒவ்வொரு கைத்தட்டலும் எரிந்தது. வீட்டுக்குள் வந்ததும் அம்மா ஜன்னல் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். என் ஞாபகத்தில் அவள் அவனுக்காக எழுந்தது அதுதான் முதல் தடவை.

"உக்காரு மாப்ளே."

அவன் உட்கார்ந்தான். அதோடு அவன் கதையும் அந்த நாற்காலியில் முடிந்தது என்றுதான் நினைத்தேன். கப்பல் பார்க்க ஆசைப்பட்டவனுக்குக் கப்பலைத் தவிர வேறு ஒன்றும் இல்லாமல் போயிற்று. செயற்கைக் காலுக்குப் பழக்க வேண்டும் என்றால் கீழே போக வேண்டும், கீழே போக நான்கு ஆள் வேண்டும், நான்கு ஆளுக்கும் வேலை இருக்கிறது. கீழே வேறு ஒருத்தன் சிலிண்டர் தட்டுவான், வேறு தாளம். அது கேட்டதும் இவன் விரல் நாற்காலிக் கையில் தட்டும். பார்க்க வருகிறவர்கள், "பெரிய மனசு உனக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் போன பிறகு, "இனிமே எவனையும் உள்ள விடாதே" என்பான். நான் எப்படி விடாமல் இருப்பேன்? ரொட்டியோடு வருகிறார்கள்.

அம்மா கீழே போய் வர ஆரம்பித்தாள். ஆமாம், படியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. சந்தைக்குப் போவாள், அப்பாவின் கல்லறைக்குப் போவாள். திரும்பி வரும்போது ஜன்னலிலிருந்து அவன் பார்ப்பான். எந்தத் திருப்பத்திலும் அவள் வலிக்கு நிற்பதில்லை. மூச்சு வாங்கத்தான் நிற்பாள். சாமான் எல்லாம் வரும், அவன் கேட்ட சிகரெட் மட்டும் வராது.

"கடையில இல்லியாம்."

"நேத்தும் இல்லைன்னீங்க. சிகரெட் இல்லாத கடை எந்த ஊர்ல இருக்கு?"

"எங்க ஊர்ல இருக்கு. வேணும்னா நீ இறங்கிப் போய்ப் பாரு."

சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். நானும் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். அவன் முகம் வெளிறிப்போயிற்று, பிறகு கத்தினான்.

"என் காலைத் தின்னுட்டு என்னையே கேலி பண்றியா கிழவி?"

"ஆமா, தின்னேன்!" அம்மாவும் கத்தினாள். "யார்டா கேட்டா உன்னை? நான் கேட்டேனா? எண்பத்து மூணு வயசுல எனக்கு ஒரு கால் இருந்தா என்ன, போனா என்ன? நான் படுத்துக்கிட்டே செத்திருப்பேன், நிம்மதியா. இப்ப பாரு, சாகக்கூட முடியலை என்னால. இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் போய்ச் சேர்ந்தா, ஒரு மனுஷன் காலை வீணாக்கிட்டுச் செத்தாள்னு ஊர் பேசும். தினமும் இறங்கறேன், ஏறறேன், எதுக்குன்னு நினைக்கறே? இந்தக் கால் சும்மா இருந்தா எனக்குத் தூக்கம் வரலைடா!"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம், இரண்டு பேர் மேலும் பாவம். நான் எங்கே போவேன்? சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன், வேறு இடம் இல்லை எனக்கு. அன்றிலிருந்து அவன் சிகரெட் கேட்கவில்லை. விட்டுவிட்டேன் என்றும் சொல்லவில்லை, கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த குளிரில் வலது பாதம் சில்லிட ஆரம்பித்தது. வெந்நீர்ப் பையை நான் எப்போதோ குப்பையில் போட்டுவிட்டேன். தினமும் அந்தப் பாதத்தைக் கையில் பிடித்துப் பார்ப்பேன். ஒருநாள் சுண்டுவிரலில் ஒரு கறுப்புப் புள்ளி. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன், அவள் அந்த வாரமே வரச் சொன்னாள். "நம்மகிட்ட நேரம் இல்ல, யாஸ்னா" என்று மட்டும் சொன்னாள்.

நான்கு காஸ்காரர்களும் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். நாற்காலியோடு அவனைத் தூக்கிப் படியில் இறங்கினோம், அவர்களில் ஒருத்தன் ஸ்பானரால் கைப்பிடிக் கம்பியில் டங் டங் டடங் என்று தட்டினான். நிபால்டோவின் தாளம். அவன் சிரிக்கவில்லை. "சும்மா வாடா" என்றான். அம்மா எங்களுக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தாள், நீ எதற்கு என்று நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

அதே நடைபாதை, அதே பழைய மெஷின். எங்களுக்கு எதிரே ஒரு கிழவர் சக்கர நாற்காலியில் இருந்தார். எலும்பும் தோலுமாக, துணி சுற்றிய பாதத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வலியில் உதட்டை மடித்துக் கடித்தபடி. பக்கத்தில் அவர் மகள், என் வயதுதான் இருக்கும். நர்ஸ் வந்து, மெஷின் காலையிலிருந்தே மக்கர் பண்ணுகிறது, இன்றைக்கு எத்தனை பேருக்கு முடியும் என்று தெரியாது, அடுத்தது நிபால்டோ என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தப் பெண் எழுந்து எங்களிடம் வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எங்கப்பாவுக்கு எண்பத்தெட்டு. நேத்திலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கலை. உங்களுக்குச் சின்ன வயசு, நீங்க தாங்குவீங்க. அவரை முன்னால விட முடியுமா?"

நியாயமாகத்தான் கேட்டாள். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். அவள் அப்பாவின் காலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று எங்களுக்கு என்ன தெரியும்? நடைபாதையில் இருந்தவர்கள் எல்லோரும் நிபால்டோவைப் பார்த்தார்கள்.

அவன் இரண்டு கையையும் நாற்காலிக் கைகளில் ஊன்றினான். தோள் இறுகியது. இருக்கிற ஒற்றைக் காலைத் தரையில் பதித்து உடம்பை மேலே தூக்கினான். யோசித்துச் செய்யவில்லை அவன், எனக்குத் தெரியும், பஸ்ஸில் எழுந்திருப்பானே, அப்படி.

அம்மா பின்னாலிருந்து வந்து அவன் தோளில் கையை வைத்து அழுத்தினாள்.

"உக்காரு."

"அத்தை, பெரியவர்..."

"உக்காருன்னு சொன்னேன்." பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னாள், "முடியாதும்மா. இவன்தான் போவான்."

அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. "உங்களுக்கே இவ்வளவு வயசாச்சு. உங்களுக்குக்கூடப் புரியலையா?"

"புரியுது. அதனாலதான் சொல்றேன்."

யாரோ பின்னால், "என்ன கிழவி இவ" என்றார்கள். அம்மா காதில் வாங்கவே இல்லை. நிபால்டோவின் தோள் இன்னும் எழுந்திருக்கத் துடித்துக்கொண்டிருந்தது, அவள் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணீர் அவன் மடியில் விழுந்தது, துடைக்கவில்லை.

கதவு திறந்தது. நர்ஸ் அவன் பெயரைச் சொன்னாள். அம்மா யாரையும் தொடவிடாமல் தானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய், வாசலில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். எனக்குப் பக்கத்தில் உட்கார இடம் இருந்தது. அவள் உட்காரவில்லை. அந்தக் கிழவருக்கு எதிரே, அவர் முகத்தைப் பார்த்தபடி, அவன் வெளியே வரும் வரை நின்றுகொண்டே இருந்தாள்.